கோடையில் ஒரு தடயவியல் முகாம்: உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்த முழுமையான வழிகாட்டி

நன்னாரி சர்பத் சிமென்ட் தரையில் சொட்டிக் காய்ந்தால் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை விழும். எங்கள் பள்ளியில் நடத்திய முகாமின் முதல் நாள், அப்படி ஏழு சொட்டுகளை வராந்தாவில் விட்டிருந்தோம். வந்த 24 பிள்ளைகளில் பெரும்பாலோர் குறிப்பேட்டில் எழுதிய முதல் சொல் ‘ரத்தம்’. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: ‘பழுப்புச் சிவப்பில் 7 சொட்டு. வாசல் பக்கம் உள்ள இரண்டில் எறும்பு மொய்க்கிறது.’

தடயவியல் என்பது அந்த இரண்டாவது வரிதான். கண்ணில் பட்டதை எழுதுவது, மனதில் தோன்றியதை அதோடு கலக்காமல் இருப்பது. கைரேகைப் பொடி, பூதக்கண்ணாடி எல்லாம் அதற்குப் பிறகுதான். திருடனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மட்டும் முகாமை நடத்தினால் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் போவார்கள், ஆனால் வெறுங்கையோடு போவார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைச் செயல்படுத்த 5 ஆண்டு வரை அவகாசமும் தந்திருக்கிறது. ஆக, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை படித்து முடிக்கும்போது இந்தத் துறைக்கு ஆள் தேவைப்படும். முகாம் நடத்த இதுவும் ஒரு காரணம்.

பள்ளி ஆசிரியர்கள், ஊர் நூலகத்தார், அறிவியல் மன்றத்தினர் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஐந்து நாள் போதும்.

## முதலில் முடிவு செய்ய வேண்டியவை

ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை. 24 பேருக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் கொண்ட ஆறு அணிகள், ஒவ்வோர் அணியிலும் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்து இருக்கட்டும். இரண்டு அணிக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

மே மாத வெயிலில் காலை 9 மணிக்குத் தொடங்கி 12.30-க்கு முடித்துவிடுங்கள். மண்ணில் செய்யும் வேலை எதுவானாலும் பத்து மணிக்குள் முடிய வேண்டும்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகளின் விரல் ரேகை பயிற்சிக்காக எடுக்கப்படும், கடைசி நாள் அவர்களிடமே திருப்பித் தரப்படும். ரேகைத் தாள்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஆதாரும் கைபேசிப் பூட்டும் விரல் ரேகையால் திறக்கும் காலம் இது.

## வாங்க வேண்டிய பொருட்கள்

எழுதுபொருள் கடை, ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை மூன்றிலும் எல்லாம் கிடைத்துவிடும். ஸ்டாம்ப் பேட், வெள்ளை அட்டை, கறுப்பு சார்ட், ஓர் அங்குல அகலமுள்ள செலோடேப், டால்கம் பவுடர், 2பி பென்சில், உப்புத்தாள், மென்மயிர் ஓவியத் தூரிகை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், வடிதாள், சர்ஜிக்கல் ஸ்பிரிட், கையுறை, காகித உறைகள், அளவுகோல், பாகைமானி.

கறுப்புப் பொடிக்கு 2பி பென்சிலின் முனையை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். விளக்குச் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் படியும் கரி இன்னும் நன்றாக வேலை செய்யும். கண்மைக்கு நம் பாட்டிமார் சேர்த்த அதே கரிதான்.

## வழக்கை எழுதுங்கள்: கொலை வேண்டாம்

ஐந்து நாளும் ஒரே வழக்கு ஓட வேண்டும். அதைக் கொலை வழக்காக வைக்காதீர்கள். சுண்ணாம்பால் உடல் வடிவம் வரைந்து, சிவப்புச் சாயம் ஊற்றித் தொடங்கும் முகாம்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இழப்பைச் சந்தித்த பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

எங்கள் வழக்கு எளிமையானது. தலைமையாசிரியர் அறையிலிருந்து விளையாட்டு விழா சுழற்கோப்பை காணவில்லை. மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதன் கீழே கறுப்பு மையில் எழுதிய துண்டுச் சீட்டு. வராந்தாவில் சொட்டுகள். வேப்ப மரத்தடி ஈர மண்ணில் செருப்புத் தடம், அதையடுத்து ஒரு வெறுங்கால் தடம். நான்கு சந்தேக நபர்கள்.

அந்த நால்வரும் ஆசிரியர்களாகவோ பெற்றோராகவோ இருக்கட்டும். முதல் ஆண்டு ஒரு மாணவனைக் ‘குற்றவாளி’யாக நடிக்க வைத்தோம். சிரித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டான். பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்தும் அவனைக் ‘கப்புத் திருடா’ என்று கூப்பிட்டார்கள். அந்தத் தவறு என்னுடையது, நீங்கள் செய்யாதீர்கள்.

## முதல் நாள்: இரண்டு பத்திக் குறிப்பேடு

வரவேற்புப் பேச்சுக்கு நடுவே ஒருவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரட்டும். ஒரு வார்த்தை பேசி, கேனை வைத்துவிட்டுப் போகட்டும். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள்: சட்டை என்ன நிறம்? எந்தத் தோளில் கேன்? கைக்கடிகாரம் இருந்ததா? என்ன சொன்னார்? எழுதியதைக் கரும்பலகையில் வரிசையாகப் போடும்போது அறையில் சத்தம் அடங்குவதைக் கேட்பீர்கள். ஒரே ஆளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நேரில் கண்ட சாட்சியும் தவறலாம் என்று அரை மணி நேரம் உரையாற்றினாலும் இந்த அளவுக்குப் பதியாது.

இதற்குப் பிறகு குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. ஐந்து நாளும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

பிறகு சம்பவ இடம். நம் ஊர்க் காவல் நிலையத்தில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம் என்று சொல்வார்கள் அல்லவா, அந்த இரண்டையும் பிள்ளைகள் தயாரிக்க வேண்டும். வரிசை முக்கியம்: கயிறு கட்டி இடத்தை மறிப்பது, தொடாமல் சுற்றிப் பார்ப்பது, படம் எடுப்பது, அளந்து வரைவது, கடைசியாகத்தான் எடுப்பது. படத்தில் தூரக்காட்சி ஒன்று, நடுக்காட்சி ஒன்று, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று. வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நகராத இரண்டு இடங்களிலிருந்து, சுவர் மூலையும் கதவு நிலையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தூரம் குறிக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைச் சொல்லுங்கள். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் இறந்து கிடந்த புகைப்படக்காரரின் கேமராவும், அதிலிருந்த பிலிமும்தான் புலனாய்வுக்குப் பெரிய வழியைத் திறந்தன. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் மற்ற எச்சங்களையும் ஆராய்ந்து, வெடிகுண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுகளைக் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். விவரங்களுக்குள் அதிகம் போக வேண்டாம்.

எடுத்த பொருளைக் காகித உறையில் போடச் சொல்லுங்கள். ஈரமுள்ள பொருளை பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். உறையின் மேல் என்ன, எங்கே, எப்போது, யார் எடுத்தது. கீழே, யாரிடமிருந்து யாரிடம் போனது என்று ஒரு பட்டியல். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் அந்த உறையை ஐந்தாம் நாள் ஏற்க மாட்டோம் என்று இப்போதே அறிவித்துவிடுங்கள்.

## இரண்டாம் நாள்: சங்கும் சக்கரமும்

முகாமின் உயிர் இந்த நாள்தான். நேரம் தாராளமாகக் கொடுங்கள்.

விரலில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சக்கரம் என்பது சுழிந்து மூடிய ரேகை. சங்கு என்பது ஒரு பக்கம் புகுந்து வளைந்து அதே பக்கம் வெளியேறும் ரேகை. இரண்டும் இல்லாமல் அலைபோல மேடேறி இறங்கினால் வில். உலகமெங்கும் பார்த்தால் சங்கு 60 முதல் 65 சதவீதம், சக்கரம் 30 முதல் 35 சதவீதம், வில் 5 சதவீதம் என்கிறார்கள். உங்கள் முகாமின் 240 விரல்களை எண்ணி இதோடு ஒப்பிடுங்கள்.

முதலில் ஸ்டாம்ப் பேடில் விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி, வெள்ளை அட்டையில் ஒரே முறை அதேபோல் உருட்ட வேண்டும். அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கையில் படிந்த மை சோப்பும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போட்டால் போகும்.

ரேகை எடுத்ததும் கணக்கு. விரல் ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறை பிறந்தது கல்கத்தாவில். அங்கே காவல் துறை அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹென்றியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது, ஆனால் அதன் கணித அமைப்பில் உழைத்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். 1897-இல் அங்கே விரல் ரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

கணக்கு இதுதான். வலது கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இடது கட்டைவிரல் 6, சுண்டுவிரல் 10. விரல் 1, 2-இல் சக்கரம் இருந்தால் தலா 16 மதிப்பு. 3, 4-க்கு 8. 5, 6-க்கு 4. 7, 8-க்கு 2. 9, 10-க்கு 1. சங்குக்கும் வில்லுக்கும் மதிப்பு இல்லை. இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் கீழ் எண். வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல், இடது நடுவிரல் ஆகிய மூன்றில் மட்டும் ஒருவருக்குச் சக்கரம் என்றால் மேலே 8+2+1, கீழே 16+1. அதாவது 11/17. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, ஆக மொத்தம் 1,024 அறைகள். கணினி இல்லாத காலத்தில் மலைபோல் குவிந்த அட்டைகளில் ஒன்றைத் தேடி எடுக்க முடிந்தது இதனால்தான். சக்கரமே இல்லாத பிள்ளைக்கு 1/1 வரும், பத்தும் சக்கரமானால் 32/32. தன் எண்ணைக் கண்டதும் ஒவ்வொருவரும் பக்கத்து நண்பரின் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள்.

அடுத்து டம்ளர். பொடி தூவும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் பொடி முகத்தில்தான் இருக்கும். நிறுத்தினால் வியர்க்கும், நெற்றி வியர்வை ஒரு சொட்டு டம்ளரில் விழுந்தாலும் பொடி கட்டிதட்டிவிடும். ஆளுக்கொரு கைக்குட்டையை நெற்றியில் கட்டச் சொல்லுங்கள். தூரிகையைப் பொடியில் தொட்டு, தட்டிவிட்டு, டம்ளர்மேல் தேய்க்காமல் வெறும் நுனி மட்டும் படும்படி சுழற்ற வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு மங்கல், அந்த மங்கலுக்குள் இரண்டு மூன்று கோடு, கடைசியில் முழு விரலும் எழுந்து வரும். அந்தக் கணத்தில் தூரிகையைத் தூக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டவர்கள் எல்லோருமே ரேகையை அழித்திருக்கிறார்கள். செலோடேப்பை ஒரு பக்கத்திலிருந்து காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி எடுத்து, டால்கம் என்றால் கறுப்பு சார்ட்டிலும் கரி என்றால் வெள்ளை அட்டையிலும் ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விரலில் பென்சில் கரியைத் தடவி, செலோடேப்பால் நேராக விரலிலிருந்தே எடுத்து அட்டையில் ஒட்டும் முறை ஒன்றைப் பல புத்தகங்களில் காணலாம். சுத்தமாக வரும், ஆனால் இட வலம் மாறியிருக்கும். டம்ளரிலிருந்து எடுத்த ரேகையோடு ஒப்பிட்டால் ஒரே விரலும் வேறு விரல்போலத் தெரியும். எங்கள் அணி ஒன்று இதனால் உரியவரை விடுவித்துவிட்டது. ஒப்பிடுவதற்கான ரேகைக்கு ஸ்டாம்ப் பேடையே நம்புங்கள்.

ஒப்பிடும்போது வடிவம் மட்டும் போதாது. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே தீவுபோல் தனித்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் காட்ட வேண்டும். அன்று முடியும் முன் பிராண்டன் மேஃபீல்டின் கதையைச் சொல்லுங்கள். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் கிடைத்த ரேகை, ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞரான இவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அடித்துச் சொன்னது. இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு ஸ்பெயின் போலீசார் அது வேறொருவரின் ரேகை என்று காட்ட, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. ரேகை பொய் சொல்லவில்லை. பார்த்தவர்கள் அவசரப்பட்டார்கள்.

## மூன்றாம் நாள்: மண்ணில் பதிந்த தடம்

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மண்ணில் உள்ள தடத்தைப் பார்த்தே பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்வார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உங்கள் ஊரில் தடம் பார்க்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், ஆடு மேய்ப்பவரானாலும் சரி, அன்று காலை அவரை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

தடத்தைச் சுற்றி அட்டைப் பட்டையால் வேலி கட்டுங்கள். இரண்டு பங்கு பிளாஸ்டர், ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரில் பொடியைச் சேர்க்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் கரண்டியைக் குறுக்கே பிடித்து அதன்மேல் ஊற்றுங்கள், நேராக விழுந்தால் தடம் கலைந்துவிடும். அரை மணி நேரம் தொடக் கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அதற்குள் கை வைக்க விடாதீர்கள். மீந்ததைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

காத்திருக்கும் நேரத்தில் எல்லோருடைய பாத நீளத்தையும் உயரத்தையும் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். பாதம் ஏறக்குறைய உயரத்தில் 15 சதவீதம். 24 செ.மீ. பாதம் என்றால் 160 செ.மீ. அருகில். ஆனால் புள்ளிகள் கோட்டில் வரிசையாக நிற்காது, இருபுறமும் சிதறும். அந்தச் சிதறலைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் நடந்தவரின் உயரத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ‘இதிலிருந்து இது வரை’ என்று எழுத வேண்டும்.

## நான்காம் நாள்: மையும் சொட்டும்

துண்டுச் சீட்டின் மை எந்த ஸ்கெட்ச் பேனாவிலிருந்து வந்தது? வடிதாளை இரண்டு செ.மீ. அகலத்தில் வெட்டி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே பென்சிலால் கோடு போட்டு, அதில் ஒரு மைப்புள்ளி வையுங்கள். தண்ணீர் புள்ளிக்குக் கீழேயே நிற்கும்படி டம்ளரில் தொங்கவிடுங்கள். கறுப்பு என்று நினைத்தது நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் பிரிந்து ஏறும். ஒவ்வொரு நிறுவனத்தின் கறுப்பும் ஒவ்வொரு விதமாகப் பிரியும். பால்பாயின்ட் மை தண்ணீருக்கு அசையாது, அதற்குத்தான் சர்ஜிக்கல் ஸ்பிரிட். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. முடிவை ‘இதே பேனா’ என்று எழுதினால் திருத்துங்கள். ‘இதே வகை மை’ என்பதுவரைதான் வடிதாள் சொல்லும்.

சொட்டுக்கு, அரிசிக் கஞ்சித் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்துகொள்ளுங்கள். உண்மையான ரத்தம், ஆட்டு ரத்தமானாலும், முகாமுக்குள் வர வேண்டாம். பரீட்சை அட்டையில் தாளைச் செருகி வெவ்வேறு சாய்வில் வைத்து மேலிருந்து சொட்டு விட்டால், சாய்வு கூடக் கூடச் சொட்டு நீளும். வாலை விட்டுவிட்டு அகலத்தை நீளத்தால் வகுங்கள். 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளம் என்றால் 0.5. எந்தக் கோணத்தின் சைன் 0.5? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 30 என்று கத்துவார்கள். தாளின் தளத்தோடு சொட்டு மோதிய கோணம் அது. தேர்வுக்கு மட்டும் என்று நினைத்திருந்த முக்கோணவியல் தரையில் கிடப்பதை அவர்கள் பார்க்கும் நேரம் இது.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் சோதனையையும் சேர்க்கச் சொல்வார்கள். நேரம் மீந்தால் செய்யலாம். ஆனால் அந்த வெள்ளை நூல் யாரையும் அடையாளம் காட்டாது. 1984-இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்ததும், ஹைதராபாத்தில் லால்ஜி சிங் வளர்த்தெடுத்ததும் ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. முறை, அது வேறு வேலை. அதைச் சொல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

## ஐந்தாம் நாள்: சாட்சிக் கூண்டு

ஒவ்வோர் அணியும் ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு தடயத்துக்கும் மூன்றில் ஒரு விடைதான்: ஒத்துப்போகிறது, ஒத்துப்போகவில்லை, சொல்ல இயலாது. டம்ளரில் ஒரு ரேகையை நீங்களே முன்கூட்டிக் கலைத்து வைத்திருங்கள். அதற்குச் ‘சொல்ல இயலாது’ என்று எழுதிய அணிக்கு முழு மதிப்பெண்.

உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் குறுக்கு விசாரணைக்கு அழையுங்கள். நிபுணரின் கருத்தை நீதிமன்றம் ஏற்பது பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின் கீழ் என்பதை அவரே விளக்குவார். கேள்விகள் இப்படி இருக்கட்டும்: உறையில் இரண்டாவது கையெழுத்து எங்கே? டம்ளரில் ரேகை இருப்பதால் அவர் தண்ணீர் குடித்தார் என்பதா, கோப்பையை எடுத்தார் என்பதா? பிள்ளை ஒரு நொடி நின்று, “டம்ளரைத் தொட்டிருக்கிறார் சார், அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது” என்று சொன்னால், முகாம் வெற்றி. கடைசியில் உண்மைக் கதையைச் சொல்லிக் கோப்பையை எடுத்துக் காட்டிவிடுங்கள். பிறகு ரேகை அட்டைகளைப் பெயர் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

## மேலே படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். அங்கே இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. விரல் ரேகைப் பிரிவு தனியாகக் காவல் துறையில் இருக்கிறது, அதற்கான சார்பு ஆய்வாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் காந்திநகர். தடயவியல் என்ற பெயரில் உள்ள பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வேதியியல், இயற்பியல், உயிரியல் எதை ஆழமாகப் படித்தாலும் ஆய்வகத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு.

மே மாதம் பள்ளி ஆய்வகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் முதல் வாரமே தலைமையாசிரியரைப் பார்த்துச் சாவியைக் கேட்டு வையுங்கள்.